விமானத்தில் கொத்துத் தலைவலி
கொத்துத் தலைவலி ஒரு கண்ணைச் சுற்றியே குடையும். அந்தக் கண்ணில் நீர் வழியும், மூக்கடைக்கும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும் கொடிய வலி இது. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைகிறது. அதனால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைய, சிலருக்கு வலி கிளம்புகிறது. முகமூடி வழியே தூய ஆக்சிஜன் சுவாசிப்பது நல்ல சிகிச்சைதான்; ஆனால் சொந்த சிலிண்டரைப் பொதுவாக விமானத்தில் அனுமதிப்பதில்லை. எனவே பலருக்குக் கைகொடுப்பது சுமாட்ரிப்டான் ஊசி. இதய நோயாளிகளுக்கு அது ஆகாது. ஊசியும் மருத்துவர் சீட்டும் கைப்பையிலேயே இருக்க வேண்டும்; சரக்கறைக்குப் போன பெட்டியில் இருந்து என்ன பயன்? வலி வரும் காலத்தில் மது ஒரு மடக்கும் கூடாது. பயணச்சீட்டு எடுக்கும்போதே மருத்துவரிடமும் விமான நிறுவனத்திடமும் கலந்தாலோசிப்பது அவசியம்.