எளியோருக்கு ஏற்ற பாங்குக் கணக்கு
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தை மாதத்தில் நெல் விற்ற பணம் கைக்கு வருகிறது. ஆடி விதைப்புக்குள் அது செலவாகிவிடுகிறது. குடியானவர் வீட்டு வரவு செலவு இவ்வாறு ஏறியும் இறங்கியுமே நடக்கிறது. பாங்கில் எந்தக் கணக்கைத் தொடங்குவது என்று முடிவு செய்யும்போது இதை மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

சாதாரணச் சேமிப்புக் கணக்கில், மாதந்தோறும் சராசரியாக இன்ன தொகை இருக்க வேண்டுமெனப் பல பாங்குகள் விதிக்கின்றன. ரூ. 3,000 பத்து நாட்கள் இருந்து, மற்ற இருபது நாட்களும் கணக்கு வெறுமையாக இருந்தால், அம்மாதச் சராசரி ரூ. 1,000 தான். விதித்த தொகை ரூ. 2,000 எனில், குறைவுக்காகக் கட்டணம் பிடிக்க இடமுண்டு. சிறுகச் சேர்த்த கூலிப் பணம் இவ்வாறு கரைவது நியாயமன்று. அதைத் தவிர்க்க வழியும் உண்டு.

அதுவே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. 2012-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கு இதனை ஏற்படுத்தியது. இதில் குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை. பணம் எத்தனை முறையும் செலுத்தலாம். மாதத்தில் 4 முறையேனும் கட்டணமின்றி எடுக்கலாம். ஏ.டி.எம். அட்டையும் இலவசமே. ஆனால் அதே பாங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாகாது.

2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்கும் இவ்வகையினதே. அதன் ரூபே அட்டைக்கு விபத்துக் காப்புறுதி உண்டு. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பின் தொடங்கிய கணக்குகளுக்கு அது ரூ. 2 லட்சம். ஆயினும், விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஒருமுறையேனும் அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்தவரின் குடும்பத்துக்கு அப்பயன் கிட்டாது.

உரிய அடையாளச் சான்று இல்லாதவர்கள், பாங்கு அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமோ கைநாட்டோ இட்டுச் சிறு கணக்குத் தொடங்கலாம். அதில் இருப்பு ரூ. 50,000-க்கும், ஆண்டு வரவு ரூ. 1 லட்சத்துக்கும், மாதப் பற்று ரூ. 10,000-க்கும் மேற்படலாகாது. தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கை விரும்புவோர், அதில் பொதுவாக ரூ. 500 இருப்பு வேண்டும் என்பதை அறிந்திருத்தல் நலம்.

அங்கத்தினர்களே! உங்கள் வார்டில் கைம்பெண்கள், முதியோர், கூலியாட்கள் ஆகியோரின் பாஸ் புத்தகங்களைப் பாருங்கள். இருப்புக் குறைவுக்குக் கட்டணம் பிடித்திருந்தால், கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றித் தருமாறு எழுத்து மூலம் கேட்க அவர்களுக்கு உதவுங்கள். இரண்டாண்டுகள் வரவு செலவின்றிக் கிடந்த கணக்கு செயலற்றதாகிவிடும். சான்றுகளுடன் சென்றால் கட்டணமின்றி அதை உயிர்ப்பித்துக் கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் பாங்கின் வாயிலில் தயங்கி நிற்கையில், உடன் சென்று அவருக்காக ஒரு வார்த்தை பேசுவதும் பஞ்சாயத்துப் பணியே ஆகும்.