கிடார் தம்பியும் கானா தம்பிகளும்

(காட்சித் தொடர்பியல் மாணவர்கள் தயாரித்த இசைப் பயிற்சி இதழ் குறித்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இதழ் அச்சுக்குப் போகும் முன்பே கருத்துக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். திருத்த இன்னும் நேரம் இருக்கிறது என்பதால் வெளிப்படையாகவே பேசுகிறேன்.

இதழில் இரண்டு பேட்டிகள் இருக்கின்றன. ஒன்று, கிடார் வாசிக்கும் 16 வயதுத் தம்பியுடையது. இன்னொன்று, வியாசர்பாடியில் கானா பாடும் நான்கு தம்பிகளுடையது. அவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். கிடார் தம்பியிடம் யாரிடம் கற்றாய், எப்படி மெட்டுப் போடுகிறாய், அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். கானா தம்பிகளிடம் அப்பா குடிப்பாரா, பள்ளிப் படிப்பை ஏன் விட்டாய், போலீஸ் தொல்லை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் பாட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. படத்துக்குக் கீழே 'வடசென்னைப் பசங்க' என்று மட்டும் இருக்கிறது. நான்கு பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

அவன் கலைஞன், இவர்கள் சமூகப் பிரச்சினை. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். சாதி வேலை செய்ய கெட்ட எண்ணம் தேவையே இல்லை, பழக்கம் போதும்.

எனக்கு 15 வயது இருக்கும்போது எங்கள் ஊர்ச் சாவு வீடு ஒன்றில் பறை அடித்துக்கொண்டிருந்தேன். படமெடுக்க வந்த கல்லூரி மாணவர்கள் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். சிரிக்காதே என்றார்கள். பெயரைக் கேட்கவில்லை. அந்தப் படம் வந்த இதழ் எப்படியோ என் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் படத்தை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எடுத்தவர்களுக்கு அது மதிப்பெண். எனக்கு அது ஒரு வருடம்.

மாணவர் இதழ்தானே என்று நினைக்காதீர்கள், பெரிய இதழ்களும் இதைத்தான் செய்கின்றன. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். பேசப்பட்ட பாடல்கள் 'என்ஜாய் எஞ்சாமி'யும் 'நீயே ஒளி'யும். இரண்டிலும் அறிவின் எழுத்து உண்டு, ஆனால் அட்டையில் அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகுதான் அவருக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

படம் காகிதத்தோடு நிற்பதில்லை. 1978இல் ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய சகாக்களும் எழுதிய 'போலீசிங் தி கிரைசிஸ்' இதைத்தான் காட்டியது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் வழிப்பறியைக் கறுப்பின இளைஞர்களின் முகத்தோடு ஒட்டின, அந்த முகத்தைக் காவல்துறையும் நீதிமன்றமும் எடுத்துக்கொண்டன. நம் ஊரில் இரவு பைக்கை நிறுத்தி யாரை விசாரிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நம்மிடம் வேறு முன்மாதிரி இருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாக் கலைஞர்கள் கோட் சூட் போட்டு நின்றார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

அதனால் மறுபடியும் வியாசர்பாடிக்குப் போங்கள். என்ன உடையில், எந்த இடத்தில் நிற்க விருப்பம் என்று கேளுங்கள். அவர்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள், வீட்டாரிடமும் சம்மதம் வாங்குங்கள். பாட்டை எழுதியது யார், மெட்டு யாருடையது, தாளம் யாருடையது என்று பெயரோடு போடுங்கள். அச்சுக்கு முன் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுங்கள்.

புகழ்ந்து மட்டும் எழுதவும் வேண்டாம். காதலை மறுத்த பெண்ணைத் திட்டும் வரி அவர்கள் பாட்டில் இருந்தால், ஏன் எழுதினாய் என்று கேளுங்கள். கிடார் தம்பியிடமும் அதையே கேளுங்கள். கலைஞனாக மதிப்பது என்றால் அவன் எழுத்துக்கு அவனைப் பதில் சொல்லக் கேட்பதும்தான்.

அந்த நான்கு தம்பிகளும் இதழைத் தங்கள் பள்ளிக்கு, தெருவுக்கு, வீட்டுக்குத் தாங்களே எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். அப்படி ஒரு பக்கத்தைச் செய்யுங்கள்.