மூன்றாவது எட்டு மணி நேரம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சம்பளத் துண்டை வாசிக்கிறோம். நிர்வாகம் ஒட்டும் அறிவித்தலை வாசிக்கிறோம். இவை தேவைக்கு வாசிப்பவை. ஆசைக்காக ஒரு புத்தகத்தை எடுத்து எத்தனை வருடமாயிற்று?

நம்மில் பலர் பள்ளிக்கூடத்தை விட்ட நாளோடு புத்தகத்தையும் விட்டோம். அங்கே வாசிப்பு என்றால் கேள்வி, விடை, புள்ளி, பிழைத்தால் அடி. பிறகு யாருக்கு ஆசை வரும்?

ஆனாலும் வாசிப்பு நம் லயங்களுக்குப் புதிதல்ல. பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, எழுத்தறியாதவர்களும் சுற்றியிருந்து கேட்டார்கள். கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி; நாவலாசிரியரும்கூட. நம் மக்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தவரும் அவரே.

இப்போது எதை வாசிப்பது? பிடித்ததை. துப்பறியும் கதையா, குடும்ப நாவலா, சரித்திரக் கதையா, எதுவானாலும் சரி. பத்துப் பக்கத்தில் மனம் ஒட்டாவிட்டால் மூடிவைத்து வேறொன்றை எடுங்கள். நாவல் நீளமென்றால் தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதை ஒன்று போதும். நம் லயத்து வாழ்க்கையே அதில் இருக்கும். இங்கே அரைப்பேர் போட எந்தக் கங்காணியும் இல்லை. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் ஆர்வம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணைப் பரிசோதியுங்கள். ஒரு கண்ணாடி போதுமாயிருக்கலாம்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு என்றுதான் உலகத் தொழிலாளர் போராடினார்கள். அந்த மூன்றாவது எட்டு மணி நேரம் நம் பெண்களுக்கு இன்னும் வரவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் தண்ணீர், விறகு, அடுப்படி. ஆண் தோழர்களே, அதில் பாதியை நாம் சுமக்காமல் “பெண்கள் வாசிப்பதில்லை” என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு பெட்டிப் புத்தகம் சேர்க்கட்டும். ஞாயிறு பின்னேரம் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களும் வந்து கேட்கட்டும். சம்பளத்துக்காகப் போராடும் நாம், உழைத்த பின் மிஞ்ச வேண்டிய நேரத்துக்காகவும் போராடுவோம்.