கூரை மேலே ஒரு ஓவியம்
(ஆண்டு விழாவில் பெண் கட்டட வடிவமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்க கூட்டமைப்புக் கட்டடத்தோட மொட்டை மாடியில ஓவியம் வரையலாம்னு ஒரு பேச்சு இருக்கு. அதைப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. "மழைக்கு ஒழுகாம இருந்தா போதாதா, படம் எதுக்கு? சேமிப்புப் பணமாச்சே"ன்னு சில அக்காமார் கேட்டாங்களாம். நியாயமான கேள்வி. ரெண்டு ஊர்ல நடந்ததைச் சொல்றேன்.

டென்மார்க் நாட்டில் ஆர்ஹூஸ் என்று ஒரு நகரம். அங்கே 2004-ல் ஆரோஸ் என்ற கலைக்கூடத்தின் கட்டடம் திறக்கப்பட்டது. 2011-ல் அதன் கூரை மேல் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் வட்டமான நடைபாதை ஒன்றை அமைத்தார். சுற்றளவு 150 மீட்டர். வானவில் நிறத்தில் கண்ணாடிச் சுவர். உள்ளே நடந்தால் அதே ஊர் சிவப்பாகவும் மஞ்சளாகவும் நீலமாகவும் தெரியும். நிறத்தைக் கலைஞர் பார்த்துப்பார். அவ்வளவு எடையைக் கட்டடம் தாங்குமா, காத்துக்கு நிக்குமான்னு கணக்குப் போட எங்களை மாதிரி ஆளும் வேணும்.

"அது பணக்கார நாடு"ன்னு சொல்வீங்க. சரி, கென்யாவுக்குப் போவோம். நைரோபி நகரத்தில் கிபேரா என்ற இடம். தகரக் கூரை வீடுகள் ஒன்னோட ஒன்னு ஒட்டி இருக்கும். ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் அங்கே வாழும் பெண்களைப் புகைப்படம் எடுத்தார். 2009-ல் அவங்க கண்ணையும் முகத்தையும் பெரிசா அச்சடிச்சு, 2,000 சதுர மீட்டர் கூரை மேல் விரிச்சார். அந்த வழியா ஓடும் ரயில் பெட்டிகளில் கண்கள். தண்டவாளத்துக்குக் கீழே சரிவில் வச்ச தகரங்களில் மூக்கும் வாயும். ரயில் கடந்து போற ஒரு நொடியில் முகம் முழுசாகும்.

கூரைக்கு அவர் காகிதத்தை எடுக்கலை. தண்ணி இறங்காத வினைல் விரிப்பை எடுத்தார். மழைக்காலத்தில் அது கூரைக்கு மேல் இன்னொரு கூரை. அதனால ஜனங்க அதைக் கழட்டாம வச்சுக்கிட்டாங்க.

உங்க மாடிக்கும் இதுதான் வழி. வெறும் பெயின்ட் நம்ம வெயிலுக்கு வெளுத்துடும், ஒழுகலும் நிக்காது. முதல்ல விரிசலை அடைக்கணும். தண்ணி குழாய்ப் பக்கம் ஓடுற மாதிரி வாட்டம் சரி பண்ணணும். அதுக்கு மேல உடைஞ்ச வெள்ளை ஓட்டுத் துண்டுகளைப் பதிச்சா தண்ணியும் வழிஞ்சு ஓடும், கீழே சூடும் குறையும். பதிக்கும்போதே நடுவில் கலர் துண்டுகளை வச்சுக் கோலம் போட்டுடலாம். ஒழுகலைத் தடுக்கிறதும் ஓவியமும் ஒரே வேலையா முடியும். ஓடும் கலவையும் எடை கூட்டும் என்பதால், இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகே கொத்தனாரிடம் விலை கேளுங்க.

கோலத்தை மட்டும் வெளியாள் கையில் விடாதீங்க. ஒவ்வொரு குழுவும் ஒரு கோலம் நோட்டில் போட்டுக் கொடுங்க. பொதுக்குழுவில் ஒன்னைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானமா எழுதுங்க. புள்ளி வச்சுக் கணக்காக் கோலம் போடுற கை உங்ககிட்ட இருக்கு. வாட்டம் பார்த்துச் சொல்ல நான் வர்றேன்.