விஞ்ஞானமும் பெண்மகவும்



மகப்பேறு வேண்டுவோர் திருக்கோயில் மரக்கிளையில் சிறு தொட்டில் கட்டிச் செல்லும் வழக்கம் சேலம், நாமக்கல் பகுதிகளில் இன்றும் உண்டு. ஒரு முழ மஞ்சள் துணியே தொட்டில். அதனுள் இடும் சிறு கல்லே குழந்தை. அதைக் கட்டும் தாயின் கை நடுங்குவதைக் கண்டவர்கள் அவ்வேண்டுதலின் ஆழத்தை அறிவார்கள்.

இதே சேலத்தில் 1992ஆம் ஆண்டு வேறொரு தொட்டிலும் வைக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்று கொன்றுவிடாமல், குழந்தையைக் கொண்டுவந்து இட்டுச் செல்லுங்கள் என்று அரசாங்கமே வைத்த தொட்டில் அது. தொட்டில் குழந்தைத் திட்டம் என்னும் அவ்வேற்பாடு முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இடம் சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆதலின் அந்தப் பெருமைக்கோ சிறுமைக்கோ இரண்டும் பங்காளிகள். ஒரு தொட்டில் குழந்தை வேண்டுமென்று ஆடுகிறது. மற்றொன்று வேண்டாமென்பார்க்காகக் காத்துக் கிடக்கிறது.

இது பெண்மையைப் போற்ற அறியாத நாடா என்றால், அன்று. திருச்செங்கோட்டு மலைமேல் இறைவன் பாதி உடலை அம்மைக்கு ஈந்து அர்த்தநாரீசுவரனாக நிற்கிறான். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் மூச்சு வாங்க ஏறிச் சென்று அத்திருவுருவைக் கண்டு கண்ணீர் மல்குவோர் எத்தனையோ பேர். சேலத்துக் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திங்களில் கூடும் கூட்டத்தைச் சொல்லவும் வேண்டுமோ! நாமக்கல்லில் நாமகிரித் தாயார் எழுந்தருளியிருக்கிறாள். கணித மேதை இராமானுசன் தம் கணித அறிவெல்லாம் அத்தாயார் அருளியது என்றே நம்பினார். தெய்வம் பெண்ணாக வந்து அறிவு கொடுத்த மண்ணில், பெண் பிறந்தால் முகம் வாடுவது எப்படி நேர்ந்தது?

மக்கள்தொகைக் கணக்கு கசப்பானதுதான்; ஆயினும் அதைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குச் சேலம் மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டில் 849 பெண்கள் இருந்தனர், 2001இல் 851. அதே 2001இல் தமிழ்நாடு முழுவதற்கும் கணக்கு 942. இயற்கையாகவே ஆண் மகவு சற்று மிகுதியாகப் பிறக்கும். அதனையும் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 950 பெண்களேனும் இருக்கவேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் சேலத்தின் எண் 900ஐத் தாண்டியது ஆறுதலே. எனினும் குறைந்துபோன அந்தக் குழந்தைகள் எங்கே போயினர் என்ற வினா அப்படியே நிற்கிறது.

முன்னாளில் அக்கொடுமை பிறந்த பின்னர் நிகழ்ந்தது. பின்னாளில் கருவிலேயே நிகழலாயிற்று. இதற்குத் துணைபோன கருவி ஸ்கேன். காதுக்குக் கேளாத நுண்ணொலியை உடலுக்குள் செலுத்தி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு உருவம் காட்டுவது அது. கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவர் இயான் டொனால்டு தம் துணைவர்களுடன் 1958ஆம் ஆண்டில் இதன் பயனை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். கரு நலமா, இரட்டையா, நஞ்சுக்கொடி சரியான இடத்தில் இருக்கிறதா என்று கண்டு தாயையும் சேயையும் காப்பதற்குக் கைவந்த அக்கருவி எத்தனை உயிரைக் காத்திருக்கிறது! அதனிடம் போய், 'ஆணா, பெண்ணா?' என்று கேட்டவர் மனிதர். கருவி தானாக எதையும் சொல்லவில்லை.

விஞ்ஞானம் இதைவிட முன்னரே வேறொன்றைச் சொல்லி வைத்திருந்தது. அதைத்தான் எவரும் கேட்கவில்லை. 1905ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி, மாவில் வளரும் வண்டினத்தை ஆராய்ந்து, பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தை வழி வரும் குரோமோசோமே என்று காட்டினார். மனிதருக்கும் அதுவே நியதி. பெண்ணாகவே பெறுகிறாள் என்று மருமகளைச் சுட்ட சொற்களெல்லாம் அன்றே பொய்யாயின. இப்பாடத்தைப் பள்ளியில் படித்துத் தேர்ச்சி பெற்றவர் ஆயிரக்கணக்கினர் உண்டு. படித்த அவர்களே ஸ்கேன் அறை வாயிலிலும் நின்றார்கள். கல்வி அவர்கள் வீட்டுக்குள் நுழையவில்லை, தேர்வுத் தாளோடு நின்றுவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

இப்பகுதி மக்கள் இயந்திரத்துக்கு அஞ்சாதவர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடநாட்டுப் பாறையையும் துளைத்து நீர் காண்கிறது. நாமக்கல் லாரிக் கூண்டும் முட்டையும் நாடறிந்தவை. கோழி வளர்ப்போர் அறிந்த செய்தி ஒன்று உண்டு: முட்டையினக் கோழிக் குஞ்சு பொரிப்பகத்தில் பொரித்த அன்றே பெண் குஞ்சு காப்பாற்றப்படும்; முட்டையிடாத ஆண் குஞ்சு கழிக்கப்படும். அங்கே இலாபக் கணக்கு பெண்ணின் பக்கம். வீட்டிலோ சீர், நகை, நிலப்பங்கு என்று போட்ட அதே கணக்கு பெண்ணுக்கு எதிராயிற்று. கோழிப் பண்ணைக்கு உரிய கணக்கை மனையறத்துக்குள் கொண்டுவந்ததுதான் பிழை.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1996 முதல் நடப்புக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டப்படி, கருவின் பால் இன்னதென்று சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பதும் குற்றம். சோதனைக்கு வந்த பெண் கணவனாலோ உறவினராலோ கட்டாயப்படுத்தப்பட்டவள் என்றே அச்சட்டம் முதற்கண் கருதுகிறது. இதைவிட இல்லறத்தின் முகத்துக்கு நேரே காட்டிய கண்ணாடி வேறில்லை. தமிழ்நாட்டில் பூர்விகக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை 1989லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் மருத்துவமனை வாயில்வரை காவல் நிற்கும். இரவு உணவுக்குப் பின் கூடத்தில் மாமியாரும் மகனும் தாழ்ந்த குரலில் பேசும் பேச்சுக்கு எந்த அதிகாரி காவல் நிற்பார்? அங்கே முடிவு செய்பவன் தனிமனிதன். சாட்சி அவன் வணங்கும் தெய்வம் ஒன்றே.

கொங்கு நாட்டில் மணமகள் கிடைக்காமல் கேரளம்வரை பெண் தேடிச் செல்வதாகக் கூறி, ஆகவே பெண்ணைக் காக்கவேண்டும் என்பார் உளர். நல்ல எண்ணந்தான், ஆனால் அதுவும் பண்ணைக் கணக்கே. எவனோ ஒருவனுக்கு மனைவி வேண்டும் என்பதற்காகவா ஒரு பெண் பிறக்கவேண்டும்?

கோயிலின் பங்கு யாது என்று கேட்டால், ஏட்டைத் திறந்து பார்ப்பதுதான். குலதெய்வக் கோயில்கள் பலவற்றில் திருப்பணிக்குத் தலைக்கட்டு வரி ஆண்மக்களை எண்ணியே விதிக்கப்படுகிறது. பெண்ணுக்கு வரியில்லை என்பது சலுகைபோலத் தோன்றும். அவள் கணக்கிலேயே இல்லை என்பது அதன் பொருள். உபயக் கல்வெட்டிலும் தந்தை பெயர், மகன் பெயர், பேரன் பெயர் வரிசையாக வரும். மகள் பெயர் அரிது. பாதி உடலை அம்மைக்குக் கொடுத்தவன் சந்நிதியிலேனும் அப்பெயர்கள் பொறிக்கப்படலாகாதா? குடமுழுக்கு முடிந்து மண்டலாபிஷேகத்துக்கு 48 நாட்கள் இருக்கின்றன. கல்தச்சர் உளியைக் கட்டி வைப்பதற்கு முன், தத்தம் புதல்வியர் பெயர்களை எழுதி அறங்காவலரிடம் கொடுப்பதற்கு அவகாசம் போதும்.