மீட்டரை எண்ணுவதா, அடுப்பை எண்ணுவதா?

(பெங்களூரு ஒக்கலிபுரத்தில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025ஆம் ஆண்டு நம் வீட்டுக் கதவுகளில் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். மின்மீட்டர் அளவெடுக்க வரும் ஊழியர்களே அதை ஒட்டிச் சென்றார்கள். கர்நாடக பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் நடத்திய சமூக, பொருளாதார, கல்வி நிலைக் கணக்கெடுப்புக்கான முன்வேலை அது. மாநிலத்தின் ஏறத்தாழ 2 கோடி வீடுகளை மின் இணைப்பின் வழியே அடையாளம் கண்டு, ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் உதவியுடன் குறித்து, தனி எண் வழங்குவது திட்டம். பிறகு ஆசிரியர்கள் வந்து 60 கேள்விகள் கேட்டார்கள். மாநிலத்தின் மற்ற பகுதிகளில் செப்டம்பர் 22 அன்று தொடங்கிய பணி, பெங்களூரில் அக்டோபர் 4 அன்றுதான் தொடங்கியது.

மக்களைப் பற்றிய புள்ளிவிவரத்தை அவர்கள் வாழும் இடத்தோடு இணைப்பது என்பது இதுதான். இது தொழில்நுட்ப வல்லுநர்களின் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. நியாயவிலைக் கடை எங்கே, அங்கன்வாடி எங்கே, எந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் என்பதையெல்லாம் இனி இந்த வரைபடமே முடிவு செய்யப் போகிறது.

முதலில், இதன் தேவையைப் பார்ப்போம்.

இளைஞராக இருந்த எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலில் மான்செஸ்டர் நகரின் அமைப்பை விளக்குகிறார். முதலாளிகள் அன்றாடம் செல்லும் பெருஞ்சாலைகளின் இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்புகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நகரமே வறுமையை மறைக்கும் திரையாகிவிடுகிறது என்று அவர் கண்டார்.

புள்ளிவிவரமும் அப்படி ஒரு திரையாக முடியும். மெஜஸ்டிக்கின் விடுதிகளையும், ஆலைகளையும் ரயில்வேயையும் நம்பி வந்த தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழும் சந்துகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், வறுமை கணக்கில் கரைந்துபோகும். தெரு அளவிலான தரவு இருந்தால்தான் அது வெளியே தெரியும். 1854இல் இலண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். சாவுகள் பிராட் தெருவின் ஒரு கைப்பம்பைச் சுற்றிக் குவிந்திருந்ததைக் காட்டினார். மொத்த எண்ணிக்கை சொல்லாத உண்மையை இடம் சொன்னது.

பெங்களூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்போது இந்நகரில் 198 வார்டுகள். இன்று ஐந்து மாநகராட்சிகள், 369 வார்டுகள். எல்லைகளைக் கலைத்து வரைந்த பிறகு, பழைய வார்டுக் கணக்கைப் புதிய வார்டோடு எப்படி ஒப்பிடுவது? வீடுகளின் இருப்பிடம் குறிக்கப்பட்டிருந்தால், எல்லை எப்படி மாறினாலும் மீண்டும் கூட்டிப் பார்க்கலாம். பெருமழையில் எந்தக் குடியிருப்பு மூழ்கும், அங்கே எத்தனை முதியோர், எத்தனை குழந்தைகள் என்பதையும் அறியலாம். ஆகவே நாம் இந்த இணைப்பின் எதிரிகள் அல்லர்.

எனில், நம் கேள்வி என்ன? வீடு என்று எதை எண்ணுகிறார்கள் என்பதே முதல் கேள்வி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறைப்படி, ஒரே சமையலில் உண்டு சேர்ந்து வாழ்வோர் ஒரு குடும்பம். அதாவது, அடுப்புதான் கணக்கு. மின் இணைப்பிலிருந்து தொடங்கினால் மீட்டர் கணக்காகிவிடுகிறது. நம் தெருக்களில் ஒரே மீட்டரின்கீழ் மூன்று, நான்கு அடுப்புகள் எரிவது புதுமையல்ல. வாடகைக்கு இருப்பவரின் பெயரில் மீட்டரும் இராது. மீட்டரே இல்லாத குடிசைக்கு இந்த வழியில் எண் கிடைக்காது. தனியே தேடிப் போனால்தான் உண்டு. நீல நிறத் தார்ப்பாய்க்கு அடியில் வாழும் கட்டடத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் அதிகாரப்பூர்வக் குடிசைப்பகுதிப் பட்டியலில் இல்லை என்பதைச் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு அனிருத் கிருஷ்ணா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வானிலிருந்து பார்த்தால் தெரியும் குடிசை, அலுவலகத்திலிருந்து பார்த்தால் தெரிவதில்லை!

களத்தில் உழைத்த ஆசிரியர்களையும் மறக்கக் கூடாது. செயலி முடங்கியது. வரைபடம் காட்டிய இடத்தில் வீடு இல்லை. வெயிலில் அலைந்தவர்கள் அவர்கள்தாம். கணக்கெடுப்புக்காகப் பள்ளி விடுமுறை அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது. கருவியின் பிழைக்கு உழைப்பாளியும் மாணவரும் விலை கொடுத்தார்கள்.

இரண்டாவது கேள்வி: இந்தத் தரவு யார் கைக்குப் போகும்?

1942இல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தெந்தப் பகுதிகளில் வாழ்ந்தார்கள் என்ற சிறுபகுதிக் கணக்கை இராணுவத்துக்குக் கொடுத்தது அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே. தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்ற அமைப்பு பல துறைகளின் தரவுகளை இணைத்துப் பார்த்துத் தகுதியை முடிவு செய்தது. ஏழைகள் பலர் தவறாகத் தகுதியற்றவர் ஆனார்கள். இரத்து செய்யப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் அட்டைகளைக் களத்தில் மறுபடி சரிபார்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2022இல் உத்தரவிட வேண்டியதாயிற்று. குடிநீர் தருவதற்கென்று குறித்த புள்ளி, நாளை புல்டோசருக்கு வழிகாட்டும் புள்ளியாக மாறக்கூடும்.

நமக்குச் சில சட்டப் பிடிமானங்கள் உள்ளன. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிநபர் பதிவுகளை எவரும் பார்வையிடும் உரிமையை மறுக்கிறது; உரிமையியல் வழக்குகளில் அவற்றைச் சான்றாகக் கொள்வதையும் தடுக்கிறது. கர்நாடகக் கணக்கெடுப்பிலும், பதிலளிப்பது அவரவர் விருப்பம், தரவு இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 25 அன்று உத்தரவிட்டது. ஆனால் கணக்கெடுப்பு ஒரு சட்டத்தின்கீழும், பிற துறைகளின் தரவு வேறு விதிகளின்கீழும் இருக்கையில், இரண்டையும் இணைக்கும் இடத்தில் எந்தப் பாதுகாப்பு செல்லும்? இதற்கு அரசு தெளிவாக விடை சொல்லியாக வேண்டும்.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாது நடந்த கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் 2011 எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் ரேஷனுக்கு வெளியே நிற்பதாகப் பொருளியலாளர்கள் ழான் தெரேஸ், ரீதிகா கேரா ஆகியோர் 2020இலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். எண்ணப்படாதவருக்கு அரிசியும் இல்லை.

வரவிருக்கும் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்கு முன், 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில், ஒவ்வொரு மாநிலத்திலும் 30 நாள் வீட்டுப் பட்டியல் பணி. கைபேசிச் செயலியும் கட்டடங்களின் இருப்பிடக் குறிப்பும் அதில் உண்டு. ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, மீட்டரையோ உரிமைப் பத்திரத்தையோ அல்ல, அடுப்பை எண்ண வேண்டும். இரண்டு, தெருவாரியான தொகுப்புக் கணக்கை, பெயரும் தனி வீட்டின் இருப்பிடமும் இன்றி, மக்கள் பார்த்துத் திருத்தும் வகையில் வெளியிட வேண்டும். மூன்று, இந்தத் தரவு காவல்துறைக்கோ, குடியிருப்புகளை அகற்றும் துறைக்கோ செல்லாதபடி சட்டத்தடை வேண்டும். நான்கு, எந்த உரிமையையும் இயந்திரக் கணக்கை மட்டும் வைத்து இரத்து செய்யக் கூடாது.

கோரிக்கையோடு வேலையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் தன்னார்வலர்கள், புவி அறிவியலாளர்களின் துணையோடு, தங்கள் பஞ்சாயத்துகளின் நிலத்தையும் நீரையும் தாங்களே வரைபடமாக்கினார்கள். கல்லியாச்சேரி போன்ற ஊர்களில் பெற்ற அனுபவம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்கு உரமாயிற்று. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஒவ்வொரு கிளையும் தன் தெருக்களை ஒரு தாளில் வரையட்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை மீட்டர், எத்தனை அடுப்பு என்ற எண்ணிக்கையை மட்டும் குறிக்கட்டும். பெயர் வேண்டாம். கணக்கெடுப்பவர் வரும்போது அந்தத் தாளோடு உடன் சென்று, விடுபட்ட சந்தைக் காட்டுங்கள். மொழி புரியாமல் தயங்கும் குடும்பத்துக்குத் துணை நில்லுங்கள். பணி முடிந்ததும் இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்தில் இருப்பவர்கள் நம் மக்கள். அவர்களுக்காக எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம்.