தீர்ப்புச் சொல்ல அவசரம் வேண்டாம்

(தோட்டப்புறங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்களுக்காகப் பொரளையில் ஆற்றப்பட்ட உரை)



மற்றவர்களைத் தீர்ப்பிட வேண்டாம் என்று இயேசு சொன்னது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பொரளையில் நின்று அதைப் பேசும்போது, பக்கத்திலிருக்கும் கனத்தை மயானம் ஞாபகத்துக்கு வராமல் போகாது.

1983 ஜூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அவர்களை அடக்கம் செய்வதாக இருந்த கனத்தையில் பெருங்கூட்டம் காத்திருந்தது. அன்று இரவு பொரளையில் மூண்ட நெருப்பு கொழும்பெங்கும் பரவி, கண்டி, பதுளை என்று மலையேறிப் போனது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நம்ம சனத்துக்கும் திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம்? தமிழன் என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு மட்டும் இருந்தது. தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேணும்.

இனி கொட்டாஞ்சேனைப் பக்கம் வருவோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமையில் கிறிஸ்தவர்கள் மட்டுமா போறாங்க? மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிற கையாலேயே அங்கே மெழுகுதிரி கொளுத்துறவங்க நம்மில் எத்தனை பேர்! 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அங்கேயும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே மினுவாங்கொடை முதலான இடங்களில் முஸ்லிம்களின் கடைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். "இனி அவங்க கடைக்குப் போகாதே" என்று நம்ம ஆட்களும் பேசினாங்க. தீபாவளிக்குக் கடனுக்கு உடுப்புக் கொடுத்த முதலாளி குண்டு வைத்தவரா? 83இல் நமக்குச் சொன்ன அதே தீர்ப்பை நம்ம வாயாலேயே இன்னொருத்தருக்குச் சொல்லலாமா?

இரக்கம் என்றால் குற்றத்தை மூடி மறைப்பது என்று சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. 2020 உயிர்த்த ஞாயிறு அன்று கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை, தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அதற்காக உண்மை எங்கே என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேணும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றத்தை அதற்குரிய இடத்தில் கேட்கலாம், கேட்கத்தான் வேணும். ஆனால் ஒருத்தர் செய்ததற்கு அவர் இனத்தையே கூண்டில் ஏற்ற யாருக்கும் உரிமை கிடையாது.

இதெல்லாம் பெரிய விஷயம். நம்ம லயத்துக்குள்ளே என்ன நடக்குது? ஆலயத்தில் நின்று மற்றவன் குறையை அடுக்கின பரிசேயனையும், தலை நிமிராமல் தூரத்தில் நின்ற ஆயக்காரனையும் இயேசு கதையாகச் சொன்னார். கடவுள் ஏற்றுக்கொண்டது ஆயக்காரனைத்தான். நாம் பீலிக்கரையில் குடத்தை வைத்துக்கொண்டு பரிசேயன் வேலைதானே பார்க்கிறோம்! வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், ஒப்பந்தம் முடியாமல் திரும்பி வந்த பெண்ணைப் பற்றி எத்தனை கதை கட்டுறோம்? சம்பளம் கிடைக்காமல் வந்தாளா, அடி தாங்காமல் வந்தாளா என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த முறை அவள் தண்ணிக்கு வரும்போது குடத்தை நகர்த்தி இடம் கொடுங்க. "சாப்பிட்டியா புள்ளே?" என்று கேளுங்க. மற்றதை, சொல்ல விருப்பம் இருந்தால், அவளே சொல்லுவாள்.